ப்ளீட்ஸ் ப்ளீஸ் கவுன்: இர்விங் பென் காட்டியதும் காட்டாமல் விட்டதும்

அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1994இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகேயின் படிக்கட்டு உடை. துணி ஒடிந்து ஒடிந்து படிப்படியாக இறங்குகிறது, உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் கண்ணில் படுகிறது. பார்த்தவுடன் வாய் பிளக்க வைக்கும் படம். அடுத்த நிமிடமே இதைப் போட்டுக்கொண்டு ரயிலில் எப்படி உட்காருவது, பாத்ரூம் எப்படிப் போவது, துவைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேள்வி வரும். மியாகே உடை என்றாலே மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற சாமான் என்று பலரும் நினைப்பதற்கு இந்த மாதிரிப் படங்களுக்கும் பங்கு உண்டு.

நிஜத்தில் நேர் எதிர். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன், என் அலமாரியில் இருப்பவற்றிலேயே மிகக் குறைவாகக் கவனிப்பு கேட்கும் துணி மியாகேயின் ப்ளீட்ஸ் ப்ளீஸ் கவுன்தான். இஸ்திரி வேண்டாம், ஹேங்கர் வேண்டாம், காலையில் கண்ணாடி முன்னால் நின்று இழுத்துவிட வேண்டாம். சோம்பேறிகளுக்கென்றே யோசித்துச் செய்த உடை, விலை மட்டும் சோம்பேறிகளுக்கானது இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பென் படத்தில் இருக்கிற உடை பாரிஸ் மேடைக்கான கலெக்‌ஷனைச் சேர்ந்தது, கடையில் போய் அதைக் கேட்டால் கிடைக்காது. நான் எழுதுவது 1993இல் ஆரம்பித்த ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்கிற அன்றாட வரிசையைப் பற்றி. மடிப்புப் போடும் தந்திரம் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தத் தந்திரம் தெரிந்தால்தான் இந்த விலை ஏன் என்று புரியும், அல்லது புரியாவிட்டாலும் கோபமாவது குறையும். துணியை முதலில் மடித்துவிட்டுப் பிறகு வெட்டித் தைப்பதுதான் எல்லோரும் செய்வது. மியாகே இந்த வரிசையை மாற்றினார். உடையை முதலில் தைத்துவிடுகிறார்கள், ஆனால் வேண்டிய அளவைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக, ஏதோ ராட்சதனுக்குத் தைத்த மாதிரி. அதை இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவில் வைத்து மடிப்பு இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். சூடும் அழுத்தமும் சேர்ந்து உடையை உங்கள் அளவுக்குச் சுருக்கிவிடும். பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது அதே வடிவத்தில் இறுகும், அதனால் மடிப்பு இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 1988 வாக்கில் இந்தச் சோதனைகள் தொடங்கின, துணி வேலைக்கு மகிகோ மினகாவா என்கிற டெக்ஸ்டைல் டிசைனர் மியாகேயோடு பல ஆண்டுகள் கூடவே இருந்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

மடிப்பு உடை மியாகே கண்டுபிடித்த ஒன்று இல்லை. வெனிஸில் மரியானோ ஃபார்ச்சூனி 1907லேயே டெல்ஃபோஸ் என்று பட்டில் நுண்மடிப்பு கவுன் செய்தார், அதுவும் பேரழகு. ஆனால் அது பட்டு. நனைந்தால் மடிப்பு போய்விடும், திரும்ப அவரிடமே அனுப்பி மடிப்புப் போட்டு வாங்க வேண்டும். பணமும் வேலைக்காரர்களும் இருக்கிற வீட்டுக்கு அது சரி. மியாகே பாலியஸ்டரைத் தேர்ந்தெடுத்தது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. விலை குறைந்த நார் என்று நாம் ஒதுக்குகிற பொருளின் ஒரே ஒரு குணத்தை, சூட்டில் வாங்கிய வடிவத்தை விடாமல் வைத்திருக்கும் குணத்தை, அவர் பிடித்துக்கொண்டார். ஊரில் அம்மாவிடம் விலையைச் சொன்னபோது, "பாலியஸ்டருக்கா இவ்வளவு குடுத்தே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், ஃபார்ச்சூனி கதையைச் சொல்லிப் பார்த்தேன், அம்மா மசியவில்லை.

சரி, போட்டால் எப்படி இருக்கிறது?

கையில் எடுத்தால் முதலில் எடையே தெரியாது. என்னிடம் இருப்பது கையில்லாத கறுப்பு நீள கவுன், அப்புறம் மஞ்சளில் ஒரு மேல்சட்டை. சுருட்டி வைத்தால் கவுன் ஒரு கைக்குட்டைச் சுருள் அளவுதான் வரும். தலை வழியாகப் போட வேண்டும், ஜிப் இல்லை, பட்டன் இல்லை, கொக்கி இல்லை. மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் உடம்பு எங்கே அகலமோ அங்கே அவை விரிந்துகொள்ளும். வயிறு நிறையச் சாப்பிட்டாலும் இடுப்பில் எதுவும் அழுத்தாது. உட்காரும்போது பின்பக்கம் விரியும், எழுந்தால் தானாகக் கூடிக்கொள்ளும், சுருக்கம் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் உடை முழுக்கச் சுருக்கம்தான். வாஷிங் மெஷினில் வலைப்பைக்குள் போட்டு மென்மையாகச் சுழலவிட்டு எடுத்தால் ராத்திரி காயப்போட்டது காலையில் காய்ந்திருக்கும். வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறவர்கள் பெட்டியின் மூலையில் செருகிக்கொண்டு போகலாம்.

நடக்கும்போதுதான் இதன் உண்மையான அழகு தெரியும், இதை எந்தப் புகைப்படமும் காட்டவில்லை. நிற்கும்போது கவுன் ஒரு நேரான குழாய். அடி எடுத்து வைத்தவுடன் முழங்கால் பக்கம் மடிப்புகள் திறந்து மூடும், மாடிப்படி ஏறினால் கீழ்ப்பகுதி லேசாகத் துள்ளும். மியாகே இதை மாடல்களை நிற்க வைத்துப் பார்த்துச் செய்யவில்லை. 1991இல் ஃப்ராங்ஃபர்ட் பாலே குழுவுக்கும் அதன் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்துக்கும் உடை செய்து கொடுத்தபோது, நடனக்காரர்கள் அதைப் போட்டுக் குதித்ததிலும் உருண்டதிலும் இருந்துதான் அன்றாட வரிசைக்கான தெம்பு வந்தது. அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்கில், அப்போதுதான் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து தனி நாடாக வந்த லித்துவேனியாவின் வீரர்களுக்கு அணிவகுப்பு உடை செய்துகொடுத்தார், அதிலும் மடிப்புதான். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், பல நாடுகள் கோட்டு சூட்டில் வரும்போது இவர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்த மாதிரி இருப்பார்கள்.

புடவை கட்டுகிறவர்களுக்கு இந்த உடையின் யோசனை சட்டென்று பிடிபடும். கொசுவம் வைக்கிறோம், ஐந்தரை மீட்டர் துணியின் நீளத்தை முன்பக்கம் ஓரிடத்தில் ஒளித்துவைக்கிறோம், காலடி வைக்கும்போது அது திறந்து வழி விடுகிறது. மியாகே அதே வேலையை உடம்பைச் சுற்றி எல்லா இடத்திலும் பரப்பிவிட்டார், நாம் தினமும் விரலால் செய்வதை இயந்திரம் ஒருமுறை செய்து முடித்துவிடுகிறது. ஒரே துணி, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று, இதுதான் அவர் கடைசிவரை பேசிக்கொண்டிருந்த விஷயம். இந்தியத் துணிகள் மேல் அவருக்கு இருந்த ஆர்வமும் சும்மா இல்லை, எண்பதுகளில் அகமதாபாத்தில் ஆஷா சாராபாயின் பட்டறையோடு சேர்ந்து கைவேலை உடைகள் செய்தார்கள். பின்னால் மினகாவாவின் பொறுப்பில் வந்த ஹாட் என்ற வரிசையிலும் இந்தியக் கைவேலை தொடர்ந்தது. தொட்டுப் பார்க்க எனக்கு ஹாட் பருத்தித் துணிகள்தான் ப்ளீட்ஸ் ப்ளீஸை விடப் பிடிக்கும், அது தனி விமர்சனம்.

இப்போது பென் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் படங்கள் மேல் எனக்குப் புகாரும் உண்டு, காதலும் உண்டு.

1983இல் அமெரிக்க வோக் இதழில் பென் எடுத்த தன் உடைகளின் படத்தைப் பார்த்துத்தான் மியாகேக்கு அவரோடு வேலை செய்யும் ஆசை வந்தது. 1987லிருந்து 1999 வரை, 13 வருஷம், ஒவ்வொரு பாரிஸ் கலெக்‌ஷன் முடிந்ததும் உடைகள் நியூயார்க் ஸ்டுடியோவுக்குப் போகும். 250க்கு மேல் படங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், படம் எடுக்கும்போது மியாகே ஒருமுறைகூட அங்கே போய் நிற்கவில்லை. பென் அவருடைய ஃபேஷன் ஷோ எதற்கும் வரவில்லை. உடைகளை எடுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றவர் மிடோரி கிதாமுரா, மியாகே ஸ்டுடியோவில் நீண்ட காலம் இருந்தவர், பிற்பாடு அதன் தலைவராகவும் ஆனார். எதை எடுப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, கையை எங்கே வைப்பது எல்லாம் பென்னின் இஷ்டம். அப்புறம் அந்தப் படங்களை கிராஃபிக் டிசைனர் இக்கோ தனாகா போஸ்டராக அடுக்குவார். தன் உடையை அடுத்தவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில் தலையிடாத டிசைனர்கள் அதிகம் கிடையாது. பாக்கிப்பேர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தோள்பட்டையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருப்பார்கள்.

பென் என்ன செய்தார் என்றால், உடையை ஒரு பொருளாகப் பார்த்தார். சாலையில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பெரிதாகப் படம் எடுத்து 1975இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டின ஆள் அவர், மியாகேயின் கவுனையும் அதே கண்ணோடு பார்க்கிறார். பறக்கும் தட்டு என்று ஒரு உடை உண்டு, 1994 வசந்தகால கலெக்‌ஷனில் வந்தது, மடித்து வைத்தால் தட்டையான வட்டுகள், தூக்கினால் ஜப்பானியக் காகித விளக்காக விரியும். அந்த மாதிரி உடைகளுக்குப் பென்னைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பேன். வெறும் பின்னணியில் துணியின் ஓரம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும். சில படங்களில் மாடலின் முகம் பொம்மை மாதிரி, நிற்கும் விதம் கோமாளி மாதிரி, பார்த்தால் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு மியாகே உடையில் உண்மையாகவே இருக்கிறது, அதை முதலில் கண்டுபிடித்தவர் பென்.

என் புகார், அசைவு. இந்தத் துணியின் பாதி குணம் அசைவில் இருக்கிறது, பென் அதை உறைய வைத்துவிட்டார். உறைந்த உடை சிலையாகத்தான் தெரியும். சிலையாகத் தெரிந்தால் எனக்கெல்லாம் எதற்கு என்று வாங்க வருகிறவர் ஒதுங்கிவிடுவார். அவர் படங்களில் எல்லோரும் நெடுநெடுவென்று இருப்பதால் ஐந்தடி உயரத்தில் இருக்கிற நம் ஆட்கள் இன்னும் ஒருபடி ஒதுங்குவார்கள். ஆனால் டோக்கியோவில் ஓவியக் கண்காட்சிகளுக்குப் போனால் அறுபது எழுபது வயதுப் பெண்கள், குட்டையாக, கொஞ்சம் பூசினாற்போல, நரைத்த தலையோடு, இந்த மடிப்பு உடையில் தட்டையான செருப்புப் போட்டுக்கொண்டு வேகவேகமாக நடப்பதைப் பார்க்கலாம். அவர்களைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன், பென்னைப் பார்த்து இல்லை.

குறைகள் இருக்கின்றன, சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். மடிப்பு அகலத்துக்குத்தான் விரியும், நீளத்துக்கு ஒன்றும் செய்யாது, அதனால் குட்டையானவர்களுக்கு நீள கவுன் தரையைக் கூட்டும். மடித்துத் தைக்கலாம் என்றால் அந்த இடம் மட்டும் தடித்து நிற்கும், சாதாரணத் தையல்காரர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வாங்கும்போதே முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற நீளமாகப் பாருங்கள். துணி மெல்லியது, உள்ளாடையின் கோடு தெரியும், வெளிர் நிறத்தில் இன்னும் அதிகம். மோதிரம், கைப்பையின் கொக்கி, பூனை இருக்கிற வீட்டில் பூனையின் நகம், இவை எல்லாம் எதிரி, இழை ஒன்று இழுபட்டால் திரும்பப் போகாது. டோக்கியோ குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும், பாலியஸ்டர் காலோடு ஒட்டிக்கொண்டு சடசட என்று மின்சாரம் அடிக்கும், உள்ளே பருத்திப் பாவாடை ஒன்று போட்டால் அடங்கும்.

வெயில் காலம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் டோக்கியோவும் புழுங்கி எடுக்கும், சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான அதே பிசுபிசுப்பு. மடிப்பின் மேடுகள் மட்டும் உடம்பில் படுவதால் துணி தோலோடு அப்பிக்கொள்வதில்லை, இது உண்மை. ஆனால் பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது, வழிய விடும். பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் பழகியவர்கள் நண்பகலில் இதைப் போட்டுக்கொண்டு வெளியே சுற்றினால் என்னைத் திட்டுவீர்கள். ஏசி ஆபீஸ், ரயில், விமானம், மாலை நேரம், இதற்கெல்லாம் சரியான உடை. வியர்த்த அன்று ராத்திரியே அலசிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வாடை தங்கும். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, சூட்டில் வந்த மடிப்பு சூட்டிலேயே போய்விடும்.

விலை. டோக்கியோவிலேயே கையில்லாத சாதாரண மேல்சட்டை 20,000 யென் பக்கம் வருகிறது, நீள கவுன் என்றால் 50,000ஐச் சுலபமாகத் தாண்டும், அதாவது ஒரு நல்ல காஞ்சிப் பட்டு விலை. பட்டைப் பத்து வருஷத்தில் எத்தனை தடவை கட்டுவோம் என்று நான் என் மனதுக்குள் போட்ட கணக்கில் கவுன் ஜெயித்தது, உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கடை என்று பார்த்தால் டோக்கியோவின் மினாமி அவோயாமா பகுதியில் மியாகேயின் பல வரிசைகளுக்கும் தனித்தனிக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நிறங்கள் பெயின்ட் அட்டையைப் போல வரிசையாக இருக்கும், மாதத்துக்கு ஒரு புது நிறக் கூட்டம் வரும். வாங்குங்கள் என்று யாரும் நெருக்கவில்லை, எத்தனை போட்டுப் பார்த்தாலும் முகம் சுளிக்கவில்லை. ஆண்களுக்கு ஓம் ப்ளிசே என்று 2013லிருந்து தனி வரிசை உண்டு, தொளதொள பேன்ட்டுக்கு அங்கே போகலாம், எனக்கே அதில் ஒன்று வேண்டும்.

அவோயாமாவுக்குப் போகிறவர்கள் ரொப்போங்கிக்கும் ஒரு நடை போய் 21_21 டிசைன் சைட்டைப் பார்த்துவிடுங்கள். மியாகே முன்னின்று 2007இல் திறந்த டிசைன் கண்காட்சி இடம், கட்டடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ. கூரை ஒரு பெரிய எஃகுத் தகடு, துணியை மடித்துக் கவிழ்த்த மாதிரி புல்வரை இறங்கும், ஒரே துணி என்ற மியாகேயின் யோசனையை ஆண்டோ இரும்பில் செய்துபார்த்திருக்கிறார். 2011இல் பென், மியாகே இருவரின் வேலைகளையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தது இங்கேதான்.

மியாகே ஹிரோஷிமாக்காரர், 1938இல் பிறந்தவர், குண்டு விழும்போது ஏழு வயது, கதிர்வீச்சால் அடுத்த சில வருஷங்களில் அம்மாவை இழந்தவர். இதை அவர் 2009 வரை வெளியில் பேசவே இல்லை, குண்டிலிருந்து தப்பித்த டிசைனர் என்று முத்திரை விழுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. 2022 ஆகஸ்டில் இறந்தபோது ஏறக்குறைய எல்லா அஞ்சலிகளும் அங்கிருந்துதான் ஆரம்பித்தன. ஒவ்வொரு மடிப்பிலும் ஹிரோஷிமாவைத் தேடுகிற எழுத்துகளை நான் பாதியில் மூடிவிடுவேன்.

பழைய சாமான் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், டோக்கியோவில் பழைய மியாகேக்கு என்றே ஒரு சந்தை ஓடுகிறது, புதிய விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஆனால் கையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு செயலியில் தனிநபர் விற்ற கவுனை வாங்கினேன், படத்தில் பளிச்சென்று இருந்தது, வந்து பிரித்தால் பின்பக்கம் உட்காரும் இடத்தில் மடிப்பு முழுக்கத் திறந்து பலூன் மாதிரி தொங்கியது, கேட்டதற்குப் பழைய துணி அப்படித்தான் இருக்கும் என்று பதில், காசு திரும்பவில்லை. அதனால் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்பக்கம், முழங்கை, அக்குள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழுபட்ட இழைகள் தெரியும். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நகல்களும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் மடித்த துணியை வாங்கி வெட்டித் தைத்திருப்பார்கள், தையல் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், தையல் மடிப்புகளை நசுக்கிக்கொண்டு போகும். அசலில் தையலும் சேர்ந்தே மடிந்திருக்கும்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் கவுனில் ஆரம்பிக்க வேண்டாம், மேல்சட்டை ஒன்று வாங்கி ஜீன்ஸ் மேல் போட்டுப் பாருங்கள், பிடித்தால் மேலே போகலாம். கறுப்பு பத்திரமான நிறம்தான், ஆனால் மடிப்பின் நிழலை அது விழுங்கிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கறுப்புத் துணி. மஞ்சள், பச்சை, செங்கல் நிறம் மாதிரி ஏதாவது எடுத்தால் ஒவ்வொரு மடிப்பின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக ஒரே நிறம் இரண்டாகத் தெரியும். என்னுடைய மஞ்சள் சட்டையைத்தான் ஆபீஸில் எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள், கவுனை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.